பினாங்கில் கேட்ட வெடிச்சத்தம்

பினாங்கு சுற்றுலாப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கழுகுமலைக்காரர், நான் கோவில்பட்டி. அவருக்கு ஒரு புருவத்தில் முடியே இல்லை. நாள் முழுக்கக் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

சீனக் கோயில் வாசலில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். முதல் சத்தத்திலேயே அவர் வானத்தில் புகையைத் தேடினார். உடனே ஊரில் பட்டாசு ஆலைக்குப் போகும் மனைவியை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்காளே அண்ணாச்சி..." என்றார் என்னிடம்.

மறுபடி அழைத்தபோது எடுத்தாள்.

"ஏட்டி, சத்தம் எந்தப் பக்கம்?"

"இங்கன ஒரு சத்தமும் இல்லையே. சாப்பிட வெளிய வந்திருக்கேன்."

'நாம பினாங்குல இருக்கோம்' என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கைப்பேசியில், தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் என் மகளின் குரல் கேட்டது.

"என்னப்பா, எதுக்குக் கூப்பிட்டீய?"