பில்டை உடைத்தவர் பழம்பொரி வாங்க வேண்டும்

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. ஆளுக்கொரு பக்கம் எழுதும் புரோகிராம்களைச் சாயங்காலம் ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிறதா என்று பார்ப்பது நாச்சியாரின் வேலை. இப்படிச் சேர்ப்பதற்கு அங்கே பில்டு என்று பெயர். ஓடாவிட்டால் யாருடைய தப்பு என்று அவள்தான் கண்டுபிடிப்பாள். அப்படிப் பில்டை உடைத்தவர் எல்லோருக்கும் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்க வேண்டும், பொட்டலத்தை நாச்சியாரின் மேசையில்தான் பிரிக்க வேண்டும். இது எழுதாத சட்டம்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண் அவள். வீட்டில் கல்யாணப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வெளியிலும் தானாகப் போய் யாரோடும் பேசுகிற சுபாவம் இல்லை. ஆனால் சாயங்காலமானால் அவள் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். "சேச்சி, என்னோடதையும் சேத்து நோக்குங்க, கேட்டோ" என்று கூட வேலை பார்க்கும் ஆர்ஷா நாற்காலியை இழுத்துப் போடுவாள். சிபி தன்மேல் தப்பே இல்லையென்று அடித்துப் பேசுவான். பேசிக்கொண்டே முதல் பழம்பொரியை அவன்தான் எடுப்பான். நாச்சியார் வாயே திறக்க மாட்டாள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் ஆபீசுக்கே வந்தாள்.

இந்த வேலையைத் தானாக நடக்கும்படி செய்யச் சொன்னார் மேனேஜர் மஹேஷ். அதற்கென்று ஒரு சர்வர். யார் எதை அனுப்பினாலும் உடனே சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் உள்ளே விடும். நாச்சியார் மாங்கு மாங்கென்று உழைத்து அதை அமைத்தாள். தப்பு செய்தவருக்கு மட்டும் போகும் செய்தியையும் அவளே எழுதினாள். விறைப்பாக இருந்தால் மனம் நோகுமே என்று, ஆளின் பெயரைப் போட்டு, "சாரமில்ல, எல்லாருக்கும் வாறதுதான். ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க, பொறவு பாக்கலாம்" என்று வைத்தாள். சாரமில்ல என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பரவாயில்லை.

சர்வர் அருமையாக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த மேசைக்கு ஒருவரும் வரவில்லை.

யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. வர வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான். தப்பு வாசலிலேயே பிடிபட்டதால் பில்டு உடையவில்லை, பழம்பொரியும் நின்றுபோனது. ஆர்ஷா வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தாள். சிபி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். இத்தனை காலமும் இவர்கள் என்னைப் பார்க்க வந்தார்களா, பில்டைப் பார்க்க வந்தார்களா என்று நாச்சியார் யோசித்தாள். பில்டைத்தான் என்று அவளுக்கே தெரிந்தது. நன்றாக வேலை செய்ததற்கு இப்படி ஒரு தண்டனை உண்டா என்று கதை சொல்கிற எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், வழியில் பழம்பொரி வாங்கிக்கொண்டு வந்தாள். வேண்டுமென்றே ஒரு தப்பை எழுதினாள். சாதாரணத் தப்பில்லை, தன் சோதனைகளுக்கே அகப்படாது என்று அவள் நம்பிய தப்பு. பில்டு உடையட்டும், எல்லோரும் கத்திக்கொண்டு மேசைக்கு வரட்டும் என்று அனுப்பினாள்.

சர்வர் பிடித்துவிட்டது. அவள் வேலை அவ்வளவு சுத்தம். உள்ளே எதுவும் உடையவில்லை, ஒருவரும் தலை நிமிரவில்லை. அவள் திரையில் மட்டும் செய்தி வந்தது.

"நாச்சியார், சாரமில்ல, எல்லாருக்கும் வாறதுதான். ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க, பொறவு பாக்கலாம்."

அன்றைக்கு அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அது ஒன்றுதான். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அது சொன்னபடியே சாயா குடிக்கப் போனாள்.