குனிந்து எடுத்தவர்தான் எங்கள் அக்கா

அக்காவின் முதலாமாண்டு நினைவுக்கு வந்து, பந்திக்கு முன்னாலோ பின்னாலோ இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். பிறந்த ஊரில் தொடங்கி வரிசையாக எழுது, கோபத்தில் எழுதாதே என்று மாமா சொல்லியிருக்கிறார். அக்காவின் கணவரைத்தான் மாமா என்கிறேன். அவர் சொன்னபடியே வரிசையாக எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு இன்று சோறு இறங்காது. அந்தத் தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கீழே போட்டவர் எங்கள் அக்கா இல்லை. இல்லவே இல்லை.

இனி வரிசைக்கு வருகிறேன்.

அக்கா பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் அப்பா குடும்பத்தோடு விருத்தாசலத்துக்கு வந்து ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவும் அங்கேயே வேலைக்குப் போனார். அப்பா நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே நோயில் விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் இருவரையும் ஆளாக்கியது அம்மாவின் இரண்டு கைகள்தான்.

அம்மாவின் வேலை பலகை கைமாற்றுவது. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக விளக்குகிறேன். வார்த்தெடுத்த கிண்ணங்கள் சுடுவதற்கு முன்னால் ஈரமாக இருக்கும். லேசாக இடித்தாலும் நசுங்கிவிடும். அவற்றை நீளப் பலகையில் அடுக்கி, ஆள் மாற்றி ஆள் கைமாற்றித்தான் காயவைக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள். வாங்குகிறவர் "புடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கொடுக்கிறவர் கையை எடுக்க வேண்டும். அதற்கு முன் பலகை சரிந்தால் பழி முழுக்கக் கொடுத்தவர் தலையில். வாங்கியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் கம்பெனியோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டு கைமாறினாலும் "புடிச்சிட்டேன்" சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அம்மா தட்டை விடமாட்டார், இழுத்தாலும் விடமாட்டார்.

அக்கா ஓட ஆரம்பித்தது பள்ளிக்கூட மைதானத்தில், வெறுங்காலோடு. மாவட்டப் போட்டிக்குக் கடலூர் போனபோது கடன் வாங்கிய ஷூ ஒரு அளவு பெரிது. நுனியில் துணி அடைத்துக்கொண்டு ஓடி முதலில் வந்தார். "பொம்பளப் புள்ளய அரை டவுசர் போட்டு ஓடவுடுறியே" என்று அம்மாவைக் கேட்ட சொந்தக்காரர்கள் இந்த மலரையும் வாங்கியிருப்பார்கள். படிக்கட்டும். அம்மா அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார். "அவ ஓடுறா. உங்களுக்கு எதுக்கு மூச்சு வாங்குது?"

மாநிலப் போட்டி, அகில இந்தியப் போட்டி என்று போய், கடைசியில் நாட்டுக்காக ஓடும் தொடர் ஓட்ட அணிக்கான பயிற்சி முகாமில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. நான்கு பெண்கள், நான்கு மாநிலங்கள், ஆளுக்கு நூறு மீட்டர். அக்கா இரண்டாவது. நேர்ப்பாதையில் ஓடிவந்து மூன்றாவது பெண்ணிடம் கட்டையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பெண் வடக்கே எங்கோ ஒரு ஊர். முகாமில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

முதல் வாரமே அக்கா அந்தப் பெண்ணுக்கு நம் கம்பெனிப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கட்டையை வாங்கியதும் "புடிச்சிட்டேன்" சொல்ல வேண்டும், சொன்னால்தான் விடுவேன் என்று. பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தாராம். மின்னல் மாதிரி ஓடும்போது பேச ஏது நேரம்? வாங்குகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது, கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே ஓட வேண்டும். அதற்காகத் தரையில் ஒரு நாடா ஒட்டி அடையாளம் வைப்பார்கள். கொடுக்கிறவர் அந்த நாடாவைத் தொட்டதும்தான் வாங்குகிறவர் கிளம்ப வேண்டும். முந்திக் கிளம்பினால் எட்டாது. பிந்திக் கிளம்பினால் இடிக்கும். இவ்வளவுதான் விஷயம். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த வெளிநாட்டுப் போட்டிக்கு வருகிறேன். அந்த நகரத்தின் பெயர் அக்காவைத் தவிர எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. இறுதிச் சுற்று. அக்கா நன்றாக ஓடி வந்தார். அக்கா நாடாவைத் தொடுவதற்கு முன்பே மூன்றாவது பெண் கிளம்பிவிட்டார். டிவியில் அந்த ஒரு நொடியை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். அக்கா எட்டி நீட்டினார். கட்டை அந்தப் பெண்ணின் விரல் நுனியில் பட்டுத் தரையில் விழுந்தது. வாங்குகிறவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேரும்வரை கட்டை கொடுப்பவருடையது என்பது ஓட்ட விதி. அதனால் அக்காதான் குனிந்து எடுத்தார். எடுத்து, எட்டிப்போய்க் கொடுத்துவிட்டுத்தான் நின்றார். நம் அணி கடைசியாக வந்தது. ஆனாலும் ஓடி முடித்தது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அக்கா குனிந்து கட்டையை எடுக்கிற படம். வேறு ஊராக இருந்தால் ஒருவேளை யார் தப்பு என்று யோசித்திருப்பார்கள். நம் ஊர் பீங்கான் ஊர். விழுந்தால் கொடுத்தவர் தப்பு. தீர்ந்தது. கம்பெனி வாசலில், டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்பு. அக்காவை ரயிலேற்றி வழியனுப்ப வந்த கூட்டத்தில் பாதி பேர், அவர் திரும்பி வந்தபோது ஸ்டேஷன் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது எங்கள் அம்மாவே அப்படி நினைத்ததுதான். "ஏன்டி, அவ புடிச்சிட்டேன்னு சொன்னாளா? சொல்றதுக்கு முந்தி ஏன் வுட்ட?" என்று கேட்டார். அக்கா "வுட்டுட்டம்மா" என்று மட்டும் சொன்னார்.

விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் அக்காவுக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. நம் ஊர் ஜங்ஷனுக்கே மாற்றலும் கிடைத்தது. வினை அங்கேதான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் எல்லாம் ஊர்க்காரர்கள். "அக்கா, டிக்கெட்டயாவது கீழ போடாம குடுங்க" என்பார்கள். தலைமுறையே மாறியும் இந்த ஒரு நகைச்சுவை மாறவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே மிச்சச் சில்லறையை அவர்கள் உள்ளங்கையில் அழுத்தி வைப்பார். நான் ரேஷன் கடையில் வேலை பார்ப்பவள். என்னிடம் எவராவது இப்படிப் பேசியிருந்தால் அடுத்த மாதம்வரை காது வலித்திருக்கும்.

திட்டக்குடிப் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், "கைக்கு வந்தத நழுவவுடுற பொண்ணு, குடும்பத்த எப்புடி புடிச்சி நிறுத்தும்?" என்று பஜ்ஜியைத் தின்றுகொண்டே கேட்டார்கள். பஜ்ஜி சுட்டது நான். பிறகு பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலையிலிருந்த மாமா வந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் "அன்னைக்கி நாலாவதா ஓடுன பொண்ணும் நல்லாத்தான் ஓடுனாங்க, இல்லீங்களா?" என்று கேட்டார். கட்டையைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிக் கேட்ட முதல் மனிதர். அக்கா அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் குணங்களை எழுதச் சொன்னார்கள். பொறுமை என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அந்தப் பொறுமையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூட விழா ஒன்றுக்கு அக்காவைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். சால்வை போட்ட கையோடு ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, "அன்று மட்டும் இவர் கைநழுவ விடாமல் இருந்திருந்தால் நம் ஊருக்குப் பதக்கம் வந்திருக்கும். மாணவர்களே, கவனம் தேவை!" என்றார். நான் எழுந்துவிட்டேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சண்டை. "வாயில என்ன கொழுக்கட்டையா? அவ முந்தி கெளம்பிட்டான்னு ஒரு வார்த்த சொன்னா உன் கிரீடம் எறங்கிடுமா?" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"நாலு பேரு ஓடுனோம், கட்ட வுழுந்துச்சி. யாருன்னு வெளிய சொல்றதில்ல. அது எங்களுக்குள்ள ஒரு பழக்கம்" என்றார் அக்கா.

"ஊர்ல உன்னத்தானே சொல்றாங்க?"

"சொல்லட்டும்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது சரிதான். ஆனால் மூடப் பார்க்கவாவது வேண்டாமா? அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சில வாரங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே எனக்கு மாவு அரைத்துக் கொடுத்தனுப்பினார். அதுவும் எனக்குக் கோபம்தான்.

பிறகு நோய் வந்தது. மார்பில் கட்டி. புதுச்சேரிக்கும் விருத்தாசலத்துக்குமாக அலைந்தோம். ஓடிய கால்கள் படுக்கையிலிருந்து கழிப்பறை போக என் தோளைப் பிடித்தன. அந்த நாட்களில்தான் அந்த ஓட்டத்தை யாரோ பழைய வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டிருப்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்தேன். மூன்றாவது பெண் கிளம்புகிற இடத்தில் நிறுத்தினேன். "பாரு. நீ இன்னும் நாடாவத் தொடவே இல்ல. அவ போயிட்டா. இப்பவாவது சொல்லு" என்றேன்.

அக்கா தன் ஓட்டத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். நான் நிறுத்திய இடத்தை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு முந்தைய இடத்துக்குத் திருப்பி ஓட்டச் சொன்னார். திரும்பத் திரும்பத் தான் ஓடுகிற பகுதியை மட்டும் பார்த்தார். "நல்லாத்தான் ஓடியிருக்கேன், இல்ல?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினேன். அவளுக்காக உன் ஆயுசு முழுக்க ஏச்சு வாங்கினாயே என்றேன்.

"அவளுக்கும் ஒரு ஊரு இருக்கும்ல?" என்றார் அக்கா. கடைசிவரை அந்தப் பெண்ணின் பெயரை என்னிடம் சொல்லவில்லை. அந்த மாதமே எங்களை விட்டுப் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. புதுச்சேரியில் அக்காவைத் தங்கள் வீட்டு மனுஷியாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், நேரம் காலம் பார்க்காமல் கார் எடுத்து வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், ரத்தம் கொடுத்த ரயில் நிலையத் தோழர்களுக்கும், காரியம் முடியும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்ட அம்மாவின் கம்பெனித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எங்கள் அத்தனை பேரையும் தாங்கி நின்ற மாமாவுக்கு நான் நன்றி சொன்னால் அவர் திட்டுவார். அதனால் சொல்லவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நன்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மாமா எழுதத்தான் வேண்டும் என்கிறார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஒரு அம்மாள் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தார். கனத்த உடம்பு, முட்டி வலி, வடநாட்டுப் புடவைக்கட்டு. அக்காவின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மாமாவிடம் இந்தியில் பேசினார். மாமா அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். "நான்தான் மூன்றாவதாக ஓடியவள். முந்திக் கிளம்பியது நான். எங்கள் ஊரில் எல்லாரும் உங்கள் அக்காவைத்தான் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அவளும் சொல்லவில்லை என்று இங்கே வந்துதான் தெரிகிறது. என் பெயரைப் போட்டு எழுதுங்கள்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. வந்து என்ன செய்ய? கேட்க வேண்டியவர் படத்தில் இருக்கிறார். ஒரு போன் போட்டிருந்தால் என்ன, ஒரு தடவை வந்து சொல்லியிருந்தால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. துக்க வீடு என்பதால் விழுங்கினேன். அவர் பெயரை இந்தக் கட்டுரையில் முதலில் எழுதியும் இருந்தேன். அச்சுக்குப் போகும் முன் நானே அடித்துவிட்டேன். அக்கா சொல்லாத பெயரைச் சொல்ல நான் யார்?

வந்தவருக்கு டீ கொடுக்க வேண்டுமே என்று டம்ளரை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டுப் பழக்கம், என் கை தானாக விடவில்லை. கோபத்தில்தான் தரமாட்டேன் என்கிறேன் என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். கோபமும் இருந்தது. சூடு இருவர் விரலையும் சுட்டது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர், என் முகத்தைப் பார்த்து, அக்கா சொல்கிற அதே மாதிரி சொன்னார்.

"புடிச்சிட்டேன்."

நான் கையை எடுத்தேன்.