துன்யாவுக்கு எதிரே நின்றவள்

நீஷ் நகர நாடகக் குழுவில் பல வருடங்களாக வேலைக்காரி, அண்டை வீட்டுக்காரி என்றே வேடம் கட்டி வந்தவள் ரத்மிலா. தலைநகர் பெல்கிரேடிலிருந்து தொலைக்காட்சித் தொடருக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பாத்திரம் கழுவும்போதுகூட நாயகியின் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். தேர்வன்று பூப்போடாத கருநீலச் சட்டை அணிந்து முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். கூப்பிட்டார்கள், பிசகில்லாமல் நடித்தாள், நன்றி சொல்லி வெளியே வந்தாள்.

அப்போதுதான் துன்யா ஓடி வந்தாள். அதே குழுவில் இளையவள். நல்ல வேடமெல்லாம் அவள் மடியில்தான் விழும். கோட்டில் வழியில் தின்ற பூரெக் பலகாரத்தின் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"அக்கா, பாதி வசனம்தான் மனசுல நிக்குது. போய் ஏதாச்சும் சமாளிக்கிறேன்," என்று சிரித்தாள்.

ரத்மிலாவுக்கு வயிறு எரிந்தது.

தேர்வு நடத்தும் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ரத்மிலா, எதிர் வசனம் வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிடுச்சு. இவங்களுக்கு நீங்க வாசிச்சுக் குடுப்பீங்களா?"

"அதுக்கென்ன மேடம்," என்றாள். தேர்வுக்கு வந்த இடத்தில் முகம் சுளிக்க முடியுமா?

பிரிந்து போகும் கணவனை மனைவி கெஞ்சி நிறுத்தும் காட்சி. ரத்மிலாதான் கணவன். எதிரே நடிப்பவளின் கண்ணைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தாளை விட்டுத் தலை தூக்கவில்லை. பேருந்து நேரம் அறிவிப்பதுபோல் வாசித்தாள். துன்யா வசனத்தை முடிக்குமுன் தன் வரியோடு குறுக்கிட்டாள். துன்யா தடுமாறினாள். ரத்மிலாவுக்கு உள்ளே இனித்தது.

துன்யா சட்டென்று நின்றாள். அருகே வந்தாள். "என்னைப் பாரேன்... ஒரே ஒரு தடவை பாரேன்!" தாளில் இல்லாத வரி. குரல் உடைந்து கண்ணீர் கொட்டியது. அறையில் ஒருவரும் அசையவில்லை.

வெளியே வந்ததும் துன்யா அவளைக் கட்டிக்கொண்டாள். "கல்லு மாதிரி நின்னீங்களே, அதான்க்கா எனக்கு அழுகையே வந்துச்சு. வேணும்னுதானே அப்படி வாசிச்சீங்க?"

"ஆமா. வேணும்னுதான்," என்றாள் ரத்மிலா.

வேடம் துன்யாவுக்கே கிடைத்தது. ரத்மிலா அக்கா இல்லாவிட்டால் இது நடந்தேயிருக்காது என்று அவள் போகிற இடமெல்லாம் சொன்னாள். உன்னைப்போல் மனசு யாருக்கு வரும் என்று குழுவினர் ரத்மிலாவின் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் சிரித்தபடி தலையாட்டினாள். எரிச்சல் மட்டும் அடங்கவே இல்லை.