ரஷ்வான் கடைப் பீப்பாயும் ருகையாவின் மூக்கும்

மடவை மீனின் செவுளுக்குப் பின்னால் கட்டைவிரலை அழுத்தி, கண்ணை மூடி, மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுக்கிறார் ரஷ்வான். பெண் பார்க்கப் போன இடத்தில் குறை கண்டுபிடித்த மாமியாரைப் போல உதட்டைப் பிதுக்குகிறார். "இன்னும் பக்குவம் வரல. தூங்குடா ராசா" என்று சொல்லி அதை உப்புக்குள் திரும்பப் படுக்கவைத்துப் பீப்பாயை மூடுகிறார்.

எகிப்தின் நபரோ ஊரில் ஃபசீக் விற்காத தெரு இல்லை. உப்பில் மாதக்கணக்காய் ஊறிய அந்த மீனின் மணம் தெருமுனைக்கே வந்து ஆளை வரவேற்கும். ரஷ்வான் அதை வாசம் என்பார். வாய் தவறி நாற்றம் என்று சொன்னவருக்கு அன்றைக்குச் சரக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பும்போது மட்டும் அவர் மனைவி வாசலில் நிறுத்தி, கையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, கொலோன் தெளித்து அனுப்புகிறாள். அதை அவர் வெளியில் சொல்வதில்லை.

ஆண்டுதோறும் வசந்த விழா முடிந்ததும், எங்கோ யாரோ ஃபசீக் தின்று ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத் தொலைக்காட்சி சொல்லும். தன் குலத்தையே பழித்துவிட்டதுபோல ரஷ்வான் துள்ளுவார். "வித்தவன் மீன்காரனா செருப்புக்காரனான்னு கேளுங்கய்யா! என் கையால வாங்கித் தின்னு ஒருத்தனாவது படுத்திருக்கானா?"

இத்தனை வீராப்புக்காரரை ஒரு எட்டு வயதுப் பெண் தினமும் தோற்கடித்தாள். மாடி வீட்டு நஜ்லாவின் மகள் ருகையா. ரொட்டி வாங்கக் கீழே இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வாள். பொத்திய மூக்கோடு, "சலாம் மாமா" என்பாள். அவரும் தன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சலாம் மகளே! உங்க வீட்டு முட்டைக்கோஸ் இங்க வரைக்கும் மணக்குது" என்பார். அவள் போனபின் வாடிக்கையாளரிடம் அழாத குறையாகச் சொல்வார்: "முளைச்சு மூணு இலை விடல, என் மீனுக்கு மார்க் போடுது பாத்தீங்களா!"

கொரோனா வந்த முதல் வசந்தம் அது. பள்ளிகளைப் பூட்டிவிட்டார்கள், பூங்காக்களையும் பூட்டினார்கள். ஆனால் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஃபசீக் தின்பதை யார் பூட்டுவது? கடையில் கூட்டம் குறையவில்லை. ரஷ்வானின் முகக்கவசம் தாடிக்குக் காவலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "பெரியவங்களுக்குத்தான் அந்த நோவு, பிள்ளைங்களத் தொடாது" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னவர்களில் ரஷ்வானும் ஒருவர்.

விழாவுக்கு முந்தின நாள் ருகையா இறங்கி வந்தாள். கை மூக்குக்குப் போகவில்லை. வெறும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, பீப்பாய் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, "மாமா, இதுக்கு எவ்வளவு உப்புப் போடுவீங்க?" என்று கேட்டாள். ரஷ்வானுக்குத் தலைகால் புரியவில்லை. மீனுக்கு உப்பிடுவதை ஒரு காவியமாக விரித்துச் சொன்னார். அன்றைக்கு வந்த அத்தனை பேரிடமும், "பிள்ளைக்கு இன்னைக்குத்தான் அறிவுக் கண்ணு தொறந்திருக்கு" என்றார். கொழுத்த மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, எலுமிச்சையும் வெங்காயத்தாளும் சேர்த்து அவள் கையில் கொடுத்தார். "மாமாவோட பரிசு. அம்மாகிட்ட காசு கீசு வாங்கிட்டு வந்தா, கொன்னுடுவேன்."

மறுநாள் பிற்பகல் மாடியிலிருந்து நஜ்லா தலைவிரிகோலமாக இறங்கி வந்தாள். கையில் பாதி தின்ற மீன்.

"முஅல்லிம்! எம் புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க? வாந்தி நிக்கல, வயித்தப் புடிச்சிக்கிட்டுத் துடிக்கிறா, உடம்பு வேற சுடுது!" கடை முதலாளியை அங்கே முஅல்லிம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடை வாசலில் நின்றவர்கள் வாங்கிய பொட்டலங்களைச் சத்தமில்லாமல் பலகைமேல் வைத்தார்கள். "ஃபசீக் விஷம்" என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஊரில் அதைவிடப் பயங்கரமான சொல் கிடையாது. ரஷ்வான் நஜ்லாவின் கையிலிருந்த மீனைப் பிடுங்கி, தெரு நடுவில் நின்று, முள்ளோடு மென்று விழுங்கினார். "பாத்துக்கிட்டீங்களா? செத்தா நானும் சாகிறேன்!" என்று கத்திவிட்டு மாடிப்படி ஏறினார். வாய்தான் சவடால் அடித்தது. இத்தனை வருடப் பேர் போனால் போகட்டும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று படிக்குப் படி வேண்டிக்கொண்டே போனார்.

ருகையா சுருண்டு படுத்திருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் நசுக்கிய வெங்காயம் ஒன்று கிடந்தது. விழாக் காலையில் பிள்ளைகளின் மூக்கில் வெங்காயத்தை வைத்து எழுப்புவது அங்கே வழக்கம்.

"காலைல இத மூக்குலயே வச்சுத் தேச்சேன்" என்றாள் நஜ்லா. "வருஷா வருஷம் அலறிக்கிட்டு எழுந்திருப்பா. இன்னைக்கு அசையவே இல்ல, தூங்குமூஞ்சி."

ரஷ்வான் அந்த வெங்காயத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மீன் நெய் வழியும் தன் விரல்களை ருகையாவின் மூக்கருகே நீட்டினார்.

"கண்ணு, என்ன வாசம் அடிக்குது?"

"ஒண்ணும் அடிக்கலையே மாமா."

"நேத்து பீப்பாகிட்ட உக்காந்திருந்தியே, அப்போ?"

"அப்பவும் இல்ல. வாசமே இல்லாம இருந்துச்சு. அதான் உக்காந்தேன்."

மீன் குற்றமற்றது. தீர்ப்பு அவர் பக்கம்தான். ஆனாலும் ஜெயித்த வழக்குக்கு இப்படி முகம் தொங்கிப்போன மனிதரைப் பார்க்க முடியாது. நேற்றுத் திறந்தது அறிவுக் கண் இல்லை, மூடிக்கொண்டது மூக்கு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

நஜ்லா தொலைபேசியில் பிடித்த ஆஸ்பத்திரி மருத்துவரும் கொரோனா என்றுதான் சொன்னார். பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும். சிலருக்கு இருமலே இல்லாமல் வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல் என்று காட்டும். வாசனை போனதைச் சொல்லப் பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டோடு வைத்துத் தண்ணீர் கொடுங்கள், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ உடனே தூக்கி வாருங்கள், பரிசோதனைக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்.

நஜ்லா போனை வைத்துவிட்டு ரஷ்வானின் முகத்தைப் பார்த்தாள். "முஅல்லிம், உங்க கால்ல விழறேன். மீனுன்னே இருக்கட்டும். கொரோனான்னு தெரிஞ்சா நாளைக்கு எம் புள்ளைகூட ஒரு புள்ள விளையாட வராது. 'அந்த வீடுதான் கொண்டு வந்துச்சு'ன்னு ஆயுசுக்கும் பேசுவாங்க."

ரஷ்வான் பால்கனிக்குப் போனார். கீழே தெரு முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டுக்குங்க! மீன் மேல ஒரு தப்பும் இல்ல. வந்திருக்கிறது கொரோனா. நான்தான் இந்தப் புள்ளைக்குக் குடுத்திருப்பேன், நேத்தெல்லாம் பக்கத்துல உக்கார வச்சுப் பேசினேன். கடையச் சாத்தறேன். என்கிட்ட வந்தவங்க எல்லாம் வீட்டுக்குள்ள கிடங்க. திட்டணும்னா என்னத் திட்டுங்க. மீனத் திட்டினா பல்லு கொட்டிடும்!"

விழா வாரத்தில், வருடத்து வியாபாரமெல்லாம் நடக்கிற நேரத்தில், கதவை இழுத்து மூடினார். தெரு அவரைத் திட்டித் தீர்த்தது. நஜ்லா வீட்டை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ருகையாவின் வயிறு சில நாளில் சரியாகிவிட்டது. மூக்குதான் வரவில்லை. கடையைத் திறந்தபின் அவள் தினமும் ரொட்டித் தட்டோடு இறங்கி, கையை வீசிக்கொண்டு, "சலாம் மாமா" என்று போவாள். ரஷ்வான் தன் மூக்கைப் பொத்திக் காட்டி நினைவுபடுத்துவார். அவள் சும்மா சிரிப்பாள். அவள் தலை மறைந்ததும் அவர் பீப்பாயை மூடிவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார். வந்தவர்களுக்கு எடை போடக்கூட மறப்பார்.

ஒரு காலையில் அவள் கடைசிப் படிக்கு வந்ததும் நின்றாள். முகம் சுளித்தது. தட்டு ஒரு பக்கம் சாய, கை தானாகப் போய் மூக்கைப் பொத்தியது.

"ச்சீ, மாமா! நாறுது!"

ரஷ்வான் பீப்பாயின் மூடியை முழுசாகத் தூக்கி வைத்தார். ஈ ஓட்டுகிற அட்டையை எடுத்து, அவள் நின்ற பக்கமாக வேகவேகமாக விசிறத் தொடங்கினார்.