அமல்ராஜின் நான்கு வரிகளை நான் எடுக்க மாட்டேன்

அமல்ராஜ் இறந்த செய்தி எனக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. அதற்குக் காரணம் அவரேதான். பதிவு செய்யும்போது கைபேசி அதே அறையில் இருக்கக் கூடாது, அணைத்து வைத்திருந்தாலும் கூடாது என்பது நம் ஒலிநூல் தளத்துக்குக் குரல் கொடுக்கும் எல்லோருக்கும் அவர் வைத்த விதி. அன்று காலை மந்தைவெளியில் என் வீட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். முடித்து வெளியே வந்தபோது சமையல் மேடையில் வைத்திருந்த கைபேசியில் ஆறு அழைப்புகள் தவறியிருந்தன. ஆறும் அவர் மனைவி ஸ்டெல்லாவிடமிருந்து வந்தவை.

"படிச்சிக்கினு இருந்திருப்பீங்கன்னு தெரியும் மேடம்," என்றார் ஸ்டெல்லா. "விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள போய்ட்டாரு. பாடத்த முடிச்சிட்டீங்களா?"

முடித்துவிட்டேன் என்றேன்.

"அப்ப வாங்க," என்றார்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சில வரிகள். அமல்ராஜ் பட்டினப்பாக்கம் கடற்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவர். நான்கு வயதில் அம்மை போட்டுப் பார்வை போனது. ஓர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தார். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கவில்லை. பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காக, எங்களைப் போன்றவர்கள் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க, அவற்றை இணையத்தில் ஏற்றி வைக்கும் இந்தத் தளத்தைத் தொடங்கினார். தளத்தைக் கட்டியது, பழுது பார்த்தது, காவல் காத்தது எல்லாம் அவர் ஒருவரே.

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. என் உச்சரிப்பில் குறை கண்டுபிடிக்க ஒருவர் பிறக்கவில்லை என்ற எண்ணத்தோடுதான் முதல் பதிவை அனுப்பினேன். மறுநாள் திரும்பி வந்தது. பதினொன்றாவது நிமிடத்தில் பக்கம் புரட்டும் சத்தம், பதினெட்டில் மின்விசிறி, இருபத்து மூன்றில் ஏதோ ஒன்று, அது என்ன என்று நேரில் சொல்கிறேன் என்று குறிப்பு வைத்திருந்தார். தொலைபேசியில் அழைத்து, கொஞ்சம் விறைப்பாகவே, இருபத்து மூன்றில் என்ன என்று கேட்டேன்.

"அந்த எடத்துல ஒங்களுக்கே போரடிச்சிகீது மேடம்," என்றார்.

உண்மைதான். மண் வகைகள் பற்றிய பத்தி அது. மறுபடி வாசித்து அனுப்பினேன். என்னைவிடக் கறாரான ஒருவரை அறுபத்தெட்டு வயதில் சந்தித்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

தளத்தின் உச்சியில், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் வரும்படி, அவர் எழுதி வைத்த நான்கு வரிகள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு அவற்றின் மேல் எரிச்சல் என்பதும் எனக்குத் தெரியும்.

"நீங்கள் இணையம் பார்க்கும் உலாவி உங்களையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.
எப்படிச் செய்யப்பட்டது என்பதை யாரும் திறந்து பார்க்கக்கூடிய சுதந்திர உலாவிகள் இருக்கின்றன.
அவற்றுக்கு மாறுங்கள். விலை கிடையாது.
எப்படி என்று தெரியாவிட்டால் என்னை அழையுங்கள், சொல்லித் தருகிறேன். அமல்ராஜ்."

கீழே அவருடைய தொலைபேசி எண்.

இதை முதலில் எதிர்த்தவள் நான். புத்தகம் கேட்க வருகிறவரிடம் உன் பிரவுசரை மாற்று என்று ஏன் சொல்ல வேண்டும்? வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் வாசலிலேயே உங்கள் செருப்பு சரியில்லை என்று சொல்வது போல இருக்கிறது என்றேன்.

"செருப்பு சரியில்லன்னு நான் எங்க மேடம் சொன்னேன்?" என்றார். "ஒங்க செருப்புல யாரோ மணி கட்டி வுட்டிருக்கான், நீங்க போற எடமெல்லாம் அவனுக்குக் கேக்குதுன்னு சொல்றேன். சொல்லாம வுட்டா நான் இன்னா மனுசன்?"

பதில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் அசையவில்லை. வரிகளின் தமிழைத் திருத்திக் கொடுத்தேன். அவர் எழுதியிருந்த ஐந்து வரிகளை நான்காக்கினேன். நிறுத்தற்குறிகளைப் போட்டேன். கணினி வாங்கும்போதே அதில் இருந்த பிரவுசரை மட்டும் மாற்றவில்லை. ஒரு வருடம் கழித்து, "மேடம், நீங்க எதுல பாக்குறீங்க?" என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் மழை வருமா என்று பேச்சை மாற்றினேன். அவர் சிரித்த சத்தம் தொலைபேசியில் தெளிவாகக் கேட்டது.

என் கணவர் நுரையீரல் நோயில் இரண்டு வருடம் கிடந்து இறந்தார். அதற்கு எட்டு மாதம் கழித்து என் மைக்கில் ஏதோ இரைச்சல் என்று பார்க்க அமல்ராஜ் வீட்டுக்கு வந்தார். மைக்கைச் சரிசெய்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் கணினியில் செருகினார். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள் அதில் இருந்தது. அதன் குரலைக் கேட்டுத்தான் அவர் இணையத்தைப் பார்த்தார்.

"ஏதாச்சும் ஒரு பக்கத்தத் தொறங்க மேடம். தொறந்துட்டு ஸ்க்ரீன அமத்திடுங்க. எங்கள மாதிரி ஒரு வாட்டி பாருங்க."

ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தேன். மழைநீர் வடிகால் வேலைக்காகச் சாலை வெட்டியிருப்பதைப் பற்றிய செய்தி. விளம்பரங்கள் ஓரத்தில் இருக்கும், நான் அவற்றைப் பார்ப்பதே இல்லை என்று முன்கூட்டியே சொன்னேன்.

"ஒங்களுக்கு அது ஓரத்துல கீது. எங்களுக்கு வாக்கியத்துக்கு நடுவுல கீது," என்றார்.

திரை இருண்டது. குரல் படித்தது. பள்ளம் தோண்டிய சாலைகளின் பெயர்களைச் சொன்னது. சட்டென்று, வீட்டிலேயே ஆக்சிஜன், மாத வாடகைக்கு என்றது. போக்குவரத்து எந்த வழியில் திருப்பிவிடப்பட்டிருக்கிறது என்று சொன்னது. படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்குப் புண் வராத மெத்தை என்றது. பொதுமக்கள் சிரமம் என்றது. மறுபடியும் ஆக்சிஜன்.

அமல்ராஜ் கை நீட்டிக் குரலை நிறுத்தினார். பிறகு மெதுவாக, "சார் போய் எட்டு மாசம் ஆவுதுல்ல மேடம்?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நமக்குத் தெரியும். அதுக்கு யாரும் சொல்லல."

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். என் கணவர் மூச்சுக்குத் திணறிய இரவுகளில் நான் தேடிய ஒவ்வொரு சொல்லையும் யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள். அதை யாருக்கோ விற்றிருக்கிறார்கள். அவர் அஸ்தியைக் கரைத்த பிறகும் என் வீட்டில் ஒரு நோயாளியைப் படுக்க வைத்திருக்கிறார்கள். கண் தெரிந்த நான் அதை ஓரம் என்று நினைத்து எட்டு மாதம் தினமும் பார்த்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். என் அனுமதி இல்லாமல் என் அடுப்படிக்குள் வர என் சொந்தத் தம்பிக்கே துணிச்சல் கிடையாது.

அன்றே மாறினேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். குறித்து வைப்பவர்களை உள்ளே விடாத பூட்டு ஒன்றையும் அதில் மாட்டினோம். அதே செய்தியை மறுபடி திறந்தோம். குரல் முதலிலிருந்து கடைசிவரை வடிகாலைப் பற்றி மட்டுமே பேசியது. வடிகாலைப் பற்றிய செய்தியை அவ்வளவு நிம்மதியாக நான் கேட்டதில்லை.

நான்காவது வரிக்குக் கீழே இருந்த எண்ணுக்கு நிறையப் பேர் அழைத்தார்கள். கே.கே. நகரில் சர்க்கரை நோயால் பார்வையிழந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. முதல் வாரம் முழுக்க அழைத்துத் திட்டினார். கணினியே வேண்டாம், உங்கள் தளமும் வேண்டாம் என்பார். அமல்ராஜ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரி சார், இப்ப கீபோர்டுல டேப் பட்டன ரெண்டு வாட்டி அழுத்துங்க," என்பார். ஒரு நாள் நான் அவர் வீட்டில் இருந்தபோது சாப்பாட்டு வேளையில் அந்த அழைப்பு வந்தது.

"வஞ்சிரம் கொழம்பு ஆறிக்கினு கீது. இந்த ஆளு கண்ணு தெரியாத ஹெட்மாஸ்டருக்கு கண்ணு தெரியாத வாத்தியாரு," என்று என்னிடம் முறையிட்டார் ஸ்டெல்லா.

"ஒனக்கு இன்னா, நீ மீன் விக்கிற. வாங்கிக்கினு போறவன் பின்னாடியே போய் அவன் இன்னா கொழம்பு வெக்கிறான்னு எட்டிப் பாக்குறியா? அந்த மாதிரி நேர்மையா இருக்கணும்னுதான் நானும் சொல்லிக்கினு கீறேன்," என்றார் அமல்ராஜ், தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு.

அந்தத் தலைமையாசிரியர் இப்போது நம் தளத்தில் அதிகம் புத்தகம் கேட்பவர்களில் ஒருவர். அடக்கத்துக்கு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

சென்ற ஆண்டு பெருங்குடியில் இருந்து ஒரு நிறுவனத்தார் இருவர் வந்தார்கள். தளத்தைத் தாங்களே இலவசமாக நடத்தித் தருவதாகவும் அழகான செயலி செய்து தருவதாகவும் சொன்னார்கள். கேட்பவர்கள் தங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே வர வேண்டும், யார் எந்தப் புத்தகத்தை எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்பது பதிவாகும், உச்சியில் உள்ள அறிவிப்பை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். எங்கள் குழுவில் நான்கைந்து பேருக்கு ஆசை வந்தது. ஆசைப்படுவதில் தப்பில்லை, தளம் அடிக்கடி முடங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அமல்ராஜ் அவர்களுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "எங்க ஆளுங்க இன்னா புக்கு படிக்கிறாங்கன்னு நானே இதுவரைக்கும் கேட்டதில்ல சார். ஒங்களுக்கு எதுக்கு?"

சேவையை மேம்படுத்த என்றார் ஒருவர்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பொண்டாட்டி செத்த பிறகு தெனம் ராத்திரி குழந்தைங்க கதை கேக்குறாரு. அவரே சொன்னதால எனக்குத் தெரியும். அத வெச்சி நீங்க அவருக்கு இன்னா விப்பீங்க?"

அவர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்கள்.

இப்போது அண்மையில் நடந்ததற்கு வருகிறேன். அடக்கம் முடிந்து பத்து நாட்கள்கூட ஆகவில்லை. மயிலாப்பூரில் செயலாளர் கோபாலன் வீட்டில் குழு கூடியது. கோபாலன் நல்ல மனிதர். கல்லறையில் என்னைவிட அதிகம் அழுதவர் அவர். அதனால்தான் அவர் சொன்னதை நான் மறைக்காமல் எழுதுகிறேன்.

"அந்த அறிவிப்பை இனிமே எடுத்துடலாமே. அவருக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்துண்டிருந்தோம். பெருங்குடிக்காராளும் திரும்பக் கேட்டிண்டிருக்கா," என்றார்.

கூடாது என்றேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்கோ மேடம். நாலாவது வரியைப் பாருங்கோ. போன் பண்ணுங்கோ, சொல்லித் தரேன்னு இருக்கு. போனை யார் எடுப்பா?"

கேள்வி நியாயமானது. இறந்தவரின் எண்ணைக் கொடுத்து அழையுங்கள் என்று சொல்வது வாசகரை ஏமாற்றுவது. ஆகவே நான் எடுப்பேன் என்றேன்.

"உங்களுக்கு எழுபத்தாறு ஆறது."

"எனக்கு எத்தனை ஆகிறதுன்னு எனக்குத் தெரியும், கோபாலன். நம்பரை மாத்துங்க. வரியை விடுங்க."

"எல்லாரும் சேர்ந்து எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டா?"

"திரும்பப் போடுவேன். பாஸ்வேர்டை அமல்ராஜ் என்கிட்டயும் கொடுத்திருக்கார்."

"திரும்ப எடுப்போம்."

"திரும்பப் போடுவேன். நீங்களும் ரிட்டயர்ட், நானும் ரிட்டயர்ட். எனக்கு நேரம் இருக்கு."

"இது பிடிவாதம் மேடம்."

"ஆமாம்."

யாரோ சிரித்தார்கள். கோபாலனும் கடைசியில் சிரித்தார். ஆனால் முடிவு எடுக்கப்படவில்லை, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் எல்லோரும் இதைப் படித்திருக்க வேண்டும், அல்லது யாராவது படிக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காகவே இதை இன்றே ஏற்றுகிறேன். அமல்ராஜைப் பற்றி நல்லவர், உழைப்பாளி, பார்வையில்லாமலே சாதித்தவர் என்று இரங்கல் எழுதுவது எளிது. அவர் கேட்டதை மட்டும் செய்யாமல் அவரைப் புகழ்வதற்கு நான் உடன்பட மாட்டேன். அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு ஆகும் நேரம் இருபது நிமிடம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், பொறுமை என்று சொல்ல மாட்டேன். அது அவருக்கே அதிகம் கிடையாது. எதிர்முனையில் இருப்பவர் செய்து முடிக்கும் வரை தொலைபேசியைக் கீழே வைக்காத பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டேன். அவர் எனக்குச் சொல்லித் தந்ததை ஒரு நோட்டில் வரிசையாக எழுதியிருக்கிறேன். நான்காவது வரியில் உள்ள அவர் பெயருக்குக் கீழே இப்போது என் எண் இருக்கிறது.

நேற்று முதல் அழைப்பு வந்தது. அடையாறிலிருந்து ஒருவர். நல்ல ஆங்கிலத்தில் தொடங்கி, நான் தமிழில் பதில் சொல்லவும் தமிழுக்கு வந்தார். இத்தனை வருடம் பழகியதை மாற்றுவது கஷ்டம்தானே என்றார். கஷ்டம்தான், எனக்கும் கஷ்டமாக இருந்தது என்றேன். கணினி பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் நாளைக்குப் பார்க்கலாமே என்றார்.

"இப்பவே," என்றேன்.