இரண்டாம் தரம் கேட்காத ஊர்

டென்மார்க்கின் பிரெடெரிசியாத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்குப் பூசும் பெயின்ற் செய்கிற சிறிய தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. கிருபாஷினி அங்கேதான் வேலை செய்கிறாள். பெயின்ற் பூசிய இரும்புத் தகடுகளை உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, எது துருப்பிடிக்கிறது, எது தாங்குகிறது என்று பார்ப்பாள். அந்த வேலை அவளுடைய கைக்கு வந்து, அவளாலேயே நழுவப் பார்த்தது. அது 2009ஆம் ஆண்டு, இலங்கையில் யுத்தம் முடிந்த மே மாதம்.

அவள் மட்டக்களப்புப் பிள்ளை. டென்மார்க்குக்கு இரசாயனப் பொறியியல் படிக்க வந்து, படிப்பையும் முடித்துவிட்டாள். படித்து முடித்தவர்கள் வேலை தேடுவதற்காகக் கொடுக்கப்படும் விசா ஜூன் மாதத்தோடு முடிய இருந்தது. அதற்குள் ஒரு நிறுவனம் ஒப்பந்தம் எழுதித் தந்தால் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

ஊரோ திரும்பிப் போகக்கூடிய நிலையில் இல்லை. அவளுடைய தம்பி சுகந்தன் கிளிநொச்சியில் றேடியோ திருத்தும் கடையில் வேலை செய்தவன். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா தொலைபேசியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னா.

"இப்ப இந்தப் பக்கம் வந்திராத மகள். ஒரு பிள்ளையாவது எனக்கு வெளியில இருக்கட்டும்."

மாணவியாக இருந்த காலத்திலிருந்தே கிருபாஷினி அந்தத் தொழிற்சாலையில் கிழமைக்குச் சில மணித்தியாலம் வேலை செய்துவந்தாள். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான லிஸ்பெத் அவளிடம் வந்து, "உனக்கு இங்கே முழுநேர வேலை தந்தால் விருப்பமா? விசாவுக்கு வேண்டியதை நாங்களே செய்து தருவோம்" என்று கேட்டாள்.

கிருபாஷினி ஏங்கிக் காத்திருந்த கேள்வி அதுதான். ஆனால் கேட்டவுடனே ஓம் என்று சொல்லுவது எப்படி? ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணியைக்கூட முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் வற்புறுத்துவார்கள், பிறகுதான் கை நீளும். முதல் தரமே கையை நீட்டுகிறவளை ஆலாப்பறக்கிறாள் என்பார்கள். அவள் அப்படி வளர்ந்தவள். தலையைக் குனிந்து சிரித்தாள்.

"நை டக்" என்றாள். வேண்டாம், நன்றி. "உங்களுக்கு ஏன் வீண் கரைச்சல்?"

லிஸ்பெத் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "சரி" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

கிருபாஷினி இரண்டாம் தரக் கேள்விக்காகக் காத்திருந்தாள். அடுத்த நாள் லிஸ்பெத் மழையைப் பற்றிக் கதைத்தாள். அதற்கடுத்த நாள் தகடுகளைப் பற்றி. மே மாதமும் வந்துவிட்டது. அந்த வேலைக்கு ஓர்ஹூஸ் நகரத்திலிருந்து ஒருவர் நேர்முகத்துக்கு வருகிறார் என்று சாப்பாட்டு அறையில் கேள்விப்பட்டபோது, அவர்களுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே அவள் நினைத்தாள்.

அவள் வாடகைக்கு இருந்தது செசிலியா அக்கா வீட்டில். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற செசிலியாவும் மட்டக்களப்புத்தான். கணவர் தேவராசா யாழ்ப்பாணம். அந்தக் கிழமைகளில் வீட்டில் ரீவி அணையவே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று அறிவித்த அன்று செசிலியா எழுந்துபோய் அதை நிறுத்தினாள். "அழுறதுக்கும் வயித்துல ஏதும் இருக்கோணும்" என்று சொல்லி மேசையில் சோற்றை வைத்தாள்.

"கொஞ்சம் போடட்டா?"

"வேண்டாம் அக்கா."

ஒரு அகப்பை விழுந்தது.

"போதும் அக்கா, உண்மையா."

இன்னொன்றும் விழுந்தது. அவளை எப்படியாவது சாப்பிடவைக்க வேண்டும் என்று தேவராசாவும் சேர்ந்துகொண்டார். "நீ ஏன் பிள்ளை வாயை நோகடிக்கிறாய்? இவ உன்ர வாயைப் பாக்கிறேல்லை, கோப்பையைத்தான் பாக்கிறவ."

"நீங்க பேசாம இருங்க. உங்கட அம்மா மூணு தரம் கேட்டுத்தானே உங்கட வீட்டுக்கு வந்த முதல் நாள் எனக்குத் தேத்தண்ணி தந்தவ."

"மூண்டாம் தரமும் வேண்டாமெண்டு சொல்லியிருந்தா நான் தப்பியிருப்பன்."

கிருபாஷினி சோற்றுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, டெனிஷ் ஆக்கள் ரெண்டாம் தரம் கேக்கமாட்டாங்களா?"

"எங்கட கிழவியளிட்டக் கோப்பி வேணுமாண்டு ஒருக்காத்தான் கேக்கலாம். திரும்பக் கேட்டா, நான் சொன்னது விளங்கலையாண்டு கோவிப்பாங்க. ஏன்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். செசிலியா அகப்பையும் கையுமாக நின்றாள். "மாதாவே! வேலையையும் சோறெண்டா நினைச்ச?"

அடுத்த நாள் காலை லிஸ்பெத்தின் அறைக்குள் போன கிருபாஷினி உட்காரவில்லை. உட்கார்ந்தால் துணிவு போய்விடும். "எனக்கு அந்த வேலை வேண்டும். மிகவும் வேண்டும். அன்றைக்கு வேண்டாம் என்றது மரியாதைக்கு. எங்கள் ஊரில் முதல் தரம் அப்படித்தான் சொல்லுவோம். நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்று நினைத்தேன்."

லிஸ்பெத் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் நீ வேண்டாம் என்றாய். திரும்பக் கேட்டால், உன் சொல்லை நான் நம்பவில்லை என்று ஆகிவிடாதா?"

கிருபாஷினி மலைத்துப்போனாள். இத்தனை நாளும் அக்கறை இல்லை என்று அவள் நினைத்தது, அவளுடைய ஒரு சொல்லுக்குக் கொடுத்த மதிப்பு! அவள் மெதுவாகச் சொன்ன ஒரு சொல்லை இந்த ஊர் தூக்கிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. சொந்த நாட்டில் அவளுடைய சொல்லை யார் இப்படி எடுத்தார்கள்?

"உங்கள் ஊரில் எத்தனை தரம் கேட்கவேண்டும்?"

"மூன்று."

"அப்படியானால் இது இரண்டாவது. உனக்கு இங்கே..."

"யா!" கேள்வி முடியுமுன்னே ஓம் என்றாள் கிருபாஷினி.

லிஸ்பெத் சிரித்தாள். உடனே தொலைபேசியை எடுத்து, ஓர்ஹூஸ்காரரிடம் இடம் நிரம்பிவிட்டது என்று நேராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஒப்பந்தம் எழுதித் தருவதாகச் சொன்ன பிறகுதான் கிருபாஷினியின் முகம் வாடியிருப்பதைக் கவனித்தாள். கிருபாஷினி தம்பியைப் பற்றிச் சொன்னாள். லிஸ்பெத் ஆறுதல் சொல்லவில்லை. "இன்றைக்கு உனக்கு என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றுமில்லை என்பது நாக்கு நுனிவரை வந்தது. கிருபாஷினி அதை விழுங்கினாள். "வீட்டுக்குப் போகவேண்டும்."

"போய் வா."

பழைய விசா முடிவதற்கு முன்னரே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கோடை முடியும் முன் வேலை விசா வந்தது. அது வந்து கொஞ்ச நாளில், தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. வவுனியா அகதி முகாமிலிருந்து, யாரோ ஒருவரின் தொலைபேசியில், சுகந்தன்.

இருவரும் முதலில் அழுதார்கள். பிறகு அவள் கேட்டாள். "உனக்கு என்னடா வேணும்?"

"ஒண்டும் வேண்டாமக்கா. நீ இருக்கிறாய்தானே."

"சொல்லுடா, என்ன வேணும்?"

"சும்மா இரக்கா. உனக்கு ஏன் வீண் கரைச்சல்?"

கிருபாஷினிக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்தது. தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்றாம் தரமும் கேட்டாள்.



"ஒரு சோடி செருப்பு இருந்தா நல்லம் அக்கா" என்றான் சுகந்தன்.