லில்லி மாமி சாப்பிடாத முட்டைகள்

இயற்பியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். என் பெயரைச் சொல்லி, பையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வெளியே அப்பா நின்றார். ரப்பர் பால் வெட்டப் போகும்போது போடும் கறைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். "அக்கா போயாச்சு மக்கா," என்றார். அந்த நொடியில் எனக்கு அழுகை வரவில்லை. இனி அந்த நோட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றிவிட்டதே என்றுதான் பிறகு அழுதேன்.

லில்லி மாமி அப்பாவின் ஒரே அக்காள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு இருந்தவர். சபையில் அவர் தைத்த ஜாக்கெட்டைப் போடாத பெண் உண்டா என்று உங்களுக்கே தெரியும். சபைப் பெண்கள் சங்கத்தார் நீங்கள், உங்கள் நினைவு மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். தந்தேன். அதில் இருப்பதெல்லாம் உண்மைதான். அதில் இல்லாததை இப்போது எழுதுகிறேன், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. அப்பாவுக்கு இது தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

அளவு எடுக்கும்போது நீங்கள் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வீர்கள். மாமி டேப்பைப் பிடித்தபடியே காத்திருப்பார். "மூச்ச விடுட்டி. சட்டய போட்டுட்டு மூச்சு விடாமலா நடக்கப் போற?" என்பார். சங்கத் தலைவியையே ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டார். தலைவி கோபித்துக்கொண்டு மூச்சை விட்டார். டேப் இரண்டு அங்குலம் நகர்ந்தது. "உடம்பு பொய் சொல்லும், டேப்பு சொல்லாது," என்று மாமி சிரித்தார். அன்றைக்குத் தலைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் மாமிக்கு முதுகு வலித்தது. கண் மஞ்சளாகியது. கை மெலிந்தது. ஆனால் வயிறு அப்படியே இருந்தது. இடுப்பில் டேப்பைச் சுற்றி, "பாத்தியா, ஒரு நூலு கொறயல்ல," என்று எனக்குக் காட்டினார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையானவர். இடுப்புக்கு நேராகக் குறுக்கே வெட்டியதுபோல ஒரு படத்தைக் கணினியில் காட்டினார். கறுப்பாக இருப்பது கொழுப்பு, சாம்பல் நிறத்தில் இருப்பது தசை என்றார். மாமியின் தசை ஒடுங்கிப் போயிருந்தது. அதற்குள்ளும் கறுப்பு கோடு கோடாக ஓடியிருந்தது. வயிறு மட்டும் குறையாமல் தெரிந்ததற்குக் காரணம் உள்ளே கட்டியிருந்த நீர். மாமி வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள கறுப்பு ஓடின மரச்சீனிக் கெழங்கு மாதிரியில்லா இருக்கு," என்றார். "தொலிய பாத்தா ஒண்ணும் தெரியாது."

"சரியாச் சொன்னீங்க," என்றார் டாக்டரம்மா. "எடை எவ்வளவுன்னு நான் பாக்கல. இந்தத் தசை எவ்வளவு மிச்சம் இருக்குங்கறதுதான் கணக்கு. இது இருக்கிறவங்க மருந்தைத் தாங்குறாங்க, கூடுதல் நாள் இருக்காங்க. கட்டி ரத்தக் குழாயை ஒட்டி இருக்கு. மூணு மாசம் மருந்து போட்டு மறுபடியும் ஸ்கேன் பாப்போம். கட்டி சுருங்கி, உடம்புலயும் பெலம் இருந்தா ஆப்பரேஷன் செய்யலாம். அதுவரைக்கும் சாப்பாடும் மருந்துதான்."

தினமும் இரண்டு முட்டை, மீன், பயறு. ஒவ்வொரு வேளையும் செரிமானத்துக்கு ஒரு மாத்திரை. சாப்பிட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையை அப்பா என்னிடம் தந்தார்.

மாமி அன்று ராத்திரியே கர்த்தரிடம் ஒரு பொருத்தனை செய்திருந்தார். ஆப்பரேஷன் நடக்க வேண்டும் என்று, அது நடக்கும் நாள் வரைக்கும் புதனும் வெள்ளியும் தண்ணீர் மட்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உங்களோடு உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது தெரியாது. மாமி யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஜெபத்துக்கு மட்டும் போய்வருகிறார் என்றுதான் அப்பாவும் அம்மாவும் நினைத்தார்கள்.

அம்மா முந்திரி ஆலைக்குப் போகும்முன் முட்டையை அவித்து மூடி வைத்துவிட்டுப் போவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அது அப்படியே இருக்கும்.

"நீ தின்னு மக்கா. பசிச்சிட்டுல்லா வந்திருப்ப."

"டாக்டர் ஏசுவாங்க மாமி."

"டாக்டர் எப்பிடி அறிவாங்க? கர்த்தருக்கு வாக்கு குடுத்தாச்சி. அத முறிச்சா பொறவு ஆப்பரேஷன எந்த மொகத்த வச்சி கேப்பேன்?"

நான் தின்றேன். பசி இருந்தது, முட்டை ருசியாகவும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பிறகு நோட்டை எடுத்து, "முட்டை இரண்டு, சாளை மீன் மூன்று" என்று எழுதினேன். மருந்து ஏற்றிய வாரங்களில் மாமிக்கு மற்ற நாட்களிலும் குமட்டியது. அந்த நாட்களிலும் நான்தான் தின்றேன், நான்தான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பா அந்த நோட்டைப் பெருமையாகப் புரட்டிப் பார்ப்பார்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன். கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. தசை அதைவிட அதிகமாகக் கரைந்திருந்தது. டாக்டரம்மா நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இவ்வளவு சாப்பிட்டுமா?" என்றார்.

"அக்கா எல்லாம் தின்னும் டாக்டர்," என்றார் அப்பா. "எனக்க மவளாக்கும் கூட இருந்து எழுதினது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. மேசைக்குக் கீழே மாமி என் கையைப் பிடித்தார். சொல்லாதே என்றா, சொல் என்றா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா நோட்டை மூடினார். நன்றாகச் சாப்பிட்டும் கரைகிறது என்றால் நோய்தான் கரைக்கிறது என்றார். இந்த உடம்பு ஆப்பரேஷனைத் தாங்காது, இவ்வளவு வீரியமான மருந்தையும் இனித் தாங்காது என்றார்.

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா மாத்திரை வாங்கப் போனார். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அன்று வெள்ளிக்கிழமை. மாமி ஒரு பழம்பொரி வாங்கினார். என்னைப் பார்த்துக்கொண்டே கடித்தார். பாதிக்குமேல் இறங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ எழுதினது பொய்யில்லட்டி. முட்டய தின்னாச்சின்னுதான எழுதின? யாரு தின்னான்னு அவங்க கேக்கல்லயே," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமிக்கும் வரவில்லை. மீதிப் பழம்பொரியைக் காகிதத்தில் சுற்றியபடி சொன்னார்: "கர்த்தர் எனக்ககிட்ட கேக்காதத நான் குடுத்தேன். உனக்ககிட்ட நான் கேக்கப்பிடாதத கேட்டேன். தப்பு எனக்கதாக்கும் மக்கா. அடுத்த தடவ டாக்டர்கிட்ட நானே சொல்லுவேன். நீ வாய் தொறக்காத."

அடுத்த தடவைக்குள் அவரால் எழுந்து நிற்க முடியாமல் போயிற்று.

அந்த முட்டைகளை மாமி தின்றிருந்தால் இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. இந்த நோயில் தின்றாலும் தசை கரையும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். எவ்வளவு நோயால் போயிற்று, எவ்வளவு என்னால் போயிற்று என்று எந்த ஸ்கேனும் பிரித்துக் காட்டாது. அதை நான் தெரியாமலேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நீங்கள் கூடிப் பேசியதை நானும் கேட்டேன். லில்லி மாமி சாகும்வரை உபவாசத்தை விடவில்லை, அது ஒரு சாட்சி, அவர் நினைவாக நாமும் புதனும் வெள்ளியும் இருப்போம் என்றீர்கள். கடைசி வரிசையில் வத்சலா அக்கா கை தூக்கினார்கள். தலையில் முக்காடு போட்டிருந்தார்கள். அக்காவுக்கும் புற்றுநோய்; இரண்டாவது தடவை மருந்து ஏற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றீர்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

மாமி உபவாசத்தை விட்டார். பஸ் ஸ்டாண்டில், என் முன்னால், தப்பு என்று சொல்லித்தான் விட்டார். அந்த வயதில் ஒருவர், பதினாறு வயதுப் பெண்ணிடம், நான் செய்தது தப்பு என்று சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது அதைத்தான். மிஷினை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

காலையில் இதை முதலில் அப்பாவிடம் கொடுப்பேன். அவர் என்ன செய்தாலும் சரி. பிறகு சங்கத்துக்குக் கொண்டுவருவேன். மலரில் போட வேண்டாம் என்றால் போட வேண்டாம். வத்சலா அக்காவிடம் மட்டும் படித்துக் காட்டுங்கள்.

அக்கா, நீங்கள் சாப்பிடுங்கள். உங்களுக்காகப் பட்டினி இருக்க இத்தனை பேர் இருக்கிறோம்.